வலி விட்ட மாசங்கள்

போன வாரம் பவானி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் என்னிடம் வேலை பழகியவள். இப்போது உத்திரமேரூர் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறாள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்கும் நேரம் பார்த்துத்தான் அவளுடைய போன் வரும். அவளுக்கும் அப்போதுதான் மூச்சுவிட முடிகிறது என்பதால் நான் திட்டுவதில்லை.

“மேடம், நம்ம பாதரச பிபி மெஷினுங்க எல்லாத்தையும் எடுத்துக்கினு போய்ட்டாங்க,” என்றாள்.

“போகட்டும். ஒடஞ்சா பொறுக்கறதுக்குள்ள உயிர் போகும்,” என்றேன்.

“அதுக்கில்ல மேடம். என் ஏரியாவுல ஒரு பொண்ணு கீது. மாசமா இருக்கச் சொல்ல நல்லா இருந்துது. புள்ள பொறந்தப்புறம் கொயந்தயத் தூக்க முடியலன்னு அழுவுது. வூட்ல நடிக்கிறான்னு சொல்றாங்க. நம்ம டாக்டரம்மா ஒரு பொண்ணு கையில பிபி பட்டையச் சுருட்டிக் குடுத்து அமுக்கச் சொன்னாங்கன்னு சொல்லுவீங்களே, அத நான் புது மெஷின்ல பண்ணிப் பாத்தேன். எர்ரர்னு காட்டுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அதே கதை இன்னொரு வீட்டில் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது என்று நினைத்தபோது அலுப்பாக இருந்தது. போனில் சொன்னால் நடுவில் அவளுக்குப் பத்து அழைப்பு வரும். எழுதி அனுப்புகிறேன் என்றேன். புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கும் படித்துக் காட்டுவதாகச் சொன்னாள். படித்துக் காட்டட்டும். அந்தப் பெண்கள் கொட்டாவி விட்டால் எனக்கு வருத்தமில்லை. அந்த வயதில் நானும் விட்டேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடுதி சாம்பார், இஸ்திரி போட்ட புடவை, மனப்பாடம். ஹார்மோன் என்ற சொல்லை அப்போதே படித்திருக்கிறேன். ஆனால் வேலைக்கு வந்த பிறகு அது எனக்குக் கருத்தடை மாத்திரை என்று மட்டும்தான் அர்த்தமாகியிருந்தது. காலையில் பஸ், வெயிலில் நடை, எடை பார்ப்பது, ரத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, மாசக் கடைசியில் கூட்டத்தில் “உங்க கிராமத்துல ஏன் குடும்பக் கட்டுப்பாடு குறைஞ்சிருக்கு?” என்று திட்டு வாங்குவது. உடம்பில் எது எதை ஆட்டுவிக்கிறது என்று யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது?

யோசிக்க வைத்தவர் டாக்டர் விமலா. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவ அலுவலராக வந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் ரொம்ப நேரம் துடைப்பார். பெருக்க வரும் அம்மாவிலிருந்து கலெக்டர் ஆபீஸ் ஆள் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே “நீங்க”தான். வந்த புதிதில், நோயாளியிடம் நான் “எங்க வலிக்குது?” என்று கேட்டதைப் பார்த்துவிட்டுத் தனியே கூப்பிட்டார்.

“சிஸ்டர், எங்க வலிக்குதுன்னு கேக்காதீங்க. நம்ம ஊர்ல எல்லாரும் உடம்பெல்லாம்னு சொல்லுவாங்க. என்ன செய்ய முடியலைன்னு கேளுங்க.”

அவ்வளவுதான் அவருடைய பாடம். கேட்டுப் பார்த்தால் தெரியும், பதில் வேறு மாதிரி வரும். உடம்பெல்லாம் வலி என்ற பெண், இட்லிச் சட்டி மூடியைத் திறக்க முடியவில்லை என்பாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டு போகலாம்.

ஒருமுறை ஒரே வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே சளிக்காய்ச்சல். அவன் நாலு நாள் போர்த்திக்கொண்டு கிடந்துவிட்டு எழுந்து வயலுக்குப் போய்விட்டான். அவள் மாசமாக இருந்தாள். மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம், பிழைத்தாள். அன்றைக்கு டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். வயிற்றில் இருக்கும் குழந்தையில் பாதி அப்பன் பங்கு. தாயின் உடம்புக்கு அது வெளியாள் சமாச்சாரம். வெளியாளைக் கண்டால் விரட்டுவதுதான் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியின் வேலை. குழந்தையை விரட்டிவிடக் கூடாதே என்று கர்ப்பகால ஹார்மோன்கள் அந்தக் காவலின் போக்கையே மாற்றி வைக்கின்றன. குழந்தைக்கு அது நல்லது. ஆனால் சில காய்ச்சல்கள் அந்தச் சந்தில் புகுந்து தாயை அடிக்கும். “அதனால மாசமா இருக்கற பொண்ணு காய்ச்சல்னு வந்தா, கஷாயம் குடின்னு அனுப்பாதீங்க,” என்றார்.

இன்னொன்று சந்தையில் மூட்டுவலிப் பொடி விற்ற ஆள் விஷயம். புள்ளலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அந்தப் பொடியை ஒரு வருஷமாகச் சாப்பிட்டு முகம் உப்பி வந்தார். வலி போயே போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காலில் மண்வெட்டி பட்ட காயம் மட்டும் ஆறவில்லை, சீழ் பிடித்துக்கொண்டே போனது. நம் சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது, அது சுரக்கிற ஹார்மோனைப் போலவே மாத்திரை செய்திருக்கிறார்கள், அளவாகக் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றும், அதைத்தான் இந்த ஆள் அரைத்துப் பொடியில் கலக்கிறான் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த ஹார்மோன் அதிகமானால் உடம்பின் காவல் படுத்துவிடும். வலியும் இருக்காது, புண்ணும் ஆறாது. பயந்துபோய் அவர் பொடியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு மயங்கி விழுந்தது இன்னொரு கூத்து. உடம்பு தானாகச் சுரப்பதை மறந்து போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் அவரை மீட்டார்கள். பொடிக்காரன் அடுத்த சந்தைக்குப் போய்விட்டான்.

இதெல்லாம் தெரிந்திருந்ததால்தான் தேவகி விஷயத்தில் கொஞ்சமாவது புரிந்தது. இல்லாவிட்டால் நானும் ஊரோடு சேர்ந்து அவளை நடிப்புக்காரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

தேவகி தென்னேரிப் பெண். என் பொறுப்பில் இருந்த ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டாள். மாமியார் பேர் பச்சையம்மா. வீட்டில் ஆறு கறவை மாடு. விடியற்காலையில் கறந்து கேனில் ஊற்றி பால் சொசைட்டிக்குக் கொடுத்தாக வேண்டும். பையன் சேகர் கேனை வண்டியில் வைத்துக் கொண்டுபோவான், வைக்கோல் போடுவான், சாணி அள்ளுவான். கறப்பது மட்டும் அந்த வீட்டில் பெண்கள் வேலை. ஏன் என்று கேட்டால் மாடு ஆம்பிளைக் கைக்குப் பால் விடாது என்பார்கள். பச்சையம்மா முப்பது வருஷம் கறந்த கை. மருமகள் வந்ததும் கையைக் கழுவிக்கொண்டாள்.

கல்யாணமான வருஷமே தேவகிக்கு விரல் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. காலையில் கை மடங்காது. முட்டிகள் வீங்கியிருக்கும். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் விடும். சாயங்காலம் ஓரளவு நன்றாகவே கறப்பாள். அதுதான் வினை.

“சாய்ங்காலம் கறக்கத் தெரியுது, காலைல மட்டும் கை வராதா? சொகமாத் தூங்கணும், அதான் சங்கதி,” என்று பச்சையம்மா என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் தேவகி மாசமானாள். மாதாமாதம் நான் போய்ப் பார்ப்பேன். ஐந்தாம் மாசம் காலையிலேயே போயிருந்தேன். தொழுவத்தில் குந்திக்கொண்டு சரசரவென்று கறந்துகொண்டிருந்தாள். வலி எங்கே என்று கேட்டேன். “போன மாசமே வுட்டுடுச்சி நர்சம்மா. இன்னான்னே தெரியல,” என்று சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பச்சையம்மா உள்ளேயிருந்து, “நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டேன், சரியாப் பூடுச்சி,” என்றாள். தன் வாய்தான் மருந்து என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெண் குழந்தை பிறந்தது. அங்கேயே மூன்று மாசம் இருந்துவிட்டுத் திரும்பினாள். திரும்பி வந்த வாரமே காலையில் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. விரல்கள் முன்னைவிட மோசம். குழந்தையை விரலால் பிடிக்க முடியாமல் முழங்கையில் அள்ளிக்கொள்வாள்.

இங்கேதான் இரண்டு வீட்டுக்கும் சண்டை மூண்டது. தேவகியின் அம்மா லட்சுமி, “எம் பொண்ணு எங்கூட்ல கல்லு மாதிரி இருந்தா. ஒங்கூட்டு காத்துதான் ஆவல,” என்றாள். பச்சையம்மா, “அம்மா வூட்ல சொகம் கண்டுக்கினு வந்து நாடகம் ஆடுறா,” என்றாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி மாதிரிதான் இருந்தது. தாய் வீட்டில் வலி இல்லை, மாமியார் வீட்டில் வலி இருக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, தேவகியைத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிடலாம், பால் மறந்ததும் குழந்தையைச் சேகர் வீட்டில் விட்டுவிட வேண்டும் என்கிற அளவுக்குப் போய்விட்டது. சேகர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்தப் பையனுக்கு வாயே கிடையாது.

தேவகி என்னிடம் வந்து, “எம் புள்ளய வுட்டுட்டு நான் எங்க நர்சம்மா போவேன்?” என்று அழுதாள். கண்ணீரைத் துடைக்கக்கூட விரல் மடங்கவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். நான் எல்லோரையும் ஓ.பி. முடிகிற நேரத்துக்கு டாக்டரம்மாவிடம் வரச் சொன்னேன்.

பவானி கேட்டது இந்த இடம்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டு சம்மந்திகளும் அறைக்குள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா யாரையும் அடக்கவில்லை. பாதரச பிபி பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். கையில் சுற்றும் பட்டையைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, பிரியாமல் பிளாஸ்டர் ஒட்டினார். பந்தின் திருகை மூடி, அமுக்கிக் கொஞ்சம் காற்று ஏற்றினார். பாதரசம் அடியிலிருந்து சற்று ஏறி நின்றது.

“பெரியம்மா, நீங்க முதல்ல. இதை ஒரு கையால நல்லா அமுக்குங்க.”

பச்சையம்மா அமுக்கினாள். பாதரசம் ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போனது. அவள் முகத்தில் ஒரு பெருமை. அடுத்து லட்சுமி. அதுவும் உச்சி. சத்தம் தானாக நின்றிருந்தது. எல்லோரும் அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேவகி வாங்கி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். “ஒரு கையால மட்டும்மா,” என்றார் டாக்டரம்மா. அவள் அமுக்கினாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள், கழுத்து நரம்பு புடைத்தது. பாதரசம் கால்வாசி உயரத்துக்கு நடுங்கிக்கொண்டே வந்து இறங்கிவிட்டது.

“அவ அமுக்கவே இல்ல,” என்றாள் பச்சையம்மா.

டாக்டரம்மா குழாயைத் தேவகிக்குத் தெரியாதபடி என் பக்கம் திருப்பி வைத்து, சற்று விட்டு விட்டு இன்னும் இரண்டு தடவை அமுக்கச் சொன்னார். இரண்டு தடவையும் கிட்டத்தட்ட அதே உயரத்துக்குத்தான் வந்தது. “நடிக்கிறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும் பெரியம்மா. பார்க்காமயே ஒரே அளவுல நடிக்கறது கஷ்டம்,” என்றார். அதை மட்டும் வைத்து அவர் முடிவு செய்யவில்லை. தேவகியின் கையைக் குறுக்காகப் பிடித்து, விரல் மொளிகளைச் சேர்த்து மெதுவாக அழுத்தினார். தேவகி துள்ளிக் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு கையிலும் ஒரே இடம், ஒரே வீக்கம். தொட்டால் சூடு.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னால் மறக்க முடியாதது.

“குழந்தை பிறந்து அம்மா வீட்டுல இருந்தியே, அப்ப என்ன உடுத்திக்கிட்டிருந்தே?”

எல்லோரையும் நீங்க என்பவர் அன்றைக்கு அவளை மட்டும் ஒருமையில் கேட்டார். தேவகி தரையைப் பார்த்தாள்.

“நைட்டி.”

“பால் குடுக்க வசதின்னு நான்தான் வாங்கியாந்தேன்,” என்றாள் லட்சுமி. “புடவையே வேணாம்னுட்டா. முன்னால ஜிப்பு வச்சதுதான் வேணும்னு அடம்.”

“ஏம்மா? ஜாக்கெட் ஊக்கு போட முடியலையா?”

தேவகி அழ ஆரம்பித்தாள். குழந்தை பிறந்து ஒன்றரை மாசத்திலேயே வலி திரும்பிவிட்டது. ஊக்கு போட முடியவில்லை, டம்ளர் பிடிக்க முடியவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு என்று அந்த வீட்டில் அவளைத் தண்ணீர் தொட விடவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது எல்லாம் லட்சுமிதான். சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைத்தார்கள். கைக்கு வேலையே இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. அவளும் சொல்லவில்லை.

“சொன்னா, அந்த வூட்டுக்குப் போவாதன்னு எங்கம்மா நிறுத்திக்கும். அதான் சொல்லல,” என்றாள்.

லட்சுமி வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, “ஐந்தாம் மாசம் மாமியார் வீட்டுல இவங்க கறந்ததை நீங்க பார்த்தீங்க இல்ல சிஸ்டர்?” என்றார். பார்த்தேன், காலை நேரம், வலி அதற்கு முன் மாசமே விட்டிருந்தது என்றேன். வலி விட்டதும் மாமியார் வீட்டில்தான், திரும்பி வந்தது தாய் வீட்டில்தான். அத்தனை பேரும் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “உங்க வீட்டுல நாய் இருக்கா? சம்மந்தி வீட்டுக்காரங்க வந்தா கட்டிப் போடுவீங்க இல்ல? உடம்புலயும் அப்படி ஒரு காவல் நாய் இருக்கு. இவங்க உடம்புல அந்த நாய் வீட்டு ஆளையே கடிக்குது, எலும்பு மூட்டைக் கடிக்குது. வயித்துல புள்ள வந்ததும் ஹார்மோன் அதைக் கட்டிப் போட்டுச்சு. புள்ள பிறந்ததும் ஹார்மோன் சரசரன்னு இறங்கிடுச்சு, கயிறு அவுந்துடுச்சு. பால் சுரக்க வைக்கற ஹார்மோன் வேற அதைச் சீண்டி விடும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. நிறைய பேருக்கு ஆகும்.” காலையில் மட்டும் கை வராததற்கும் காரணம் சொன்னார். மூட்டு வீக்கத்தைத் தணிக்கிற, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அந்தச் சுரப்பியின் ஹார்மோன் முன்னிரவில் அடங்கிக் கிடக்கும், விடியும்போதுதான் ஏறும். அது போதாத உடம்புக்கு விடியற்காலைதான் ரொம்ப மோசமான நேரம். சாயங்காலம் கை கொஞ்சம் இளகுவது சோம்பேறித்தனத்தால் இல்லை.

  அப்பாடா, பெண் பிழைத்தாள் என்று நினைத்தேன். அப்போதுதான் பச்சையம்மா கேட்டாள்.

“அப்போ, மாசமா இருந்தா வலி இருக்காது. அதானே சொல்றீங்க?”

“பெரும்பாலும்.”

“இதுக்கா இம்மாம் பேஜாரு? இன்னொண்ணு பெத்துக்கிட்டா பூடுது.”

லட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா சம்மந்தி. நானும் அதான் நெனச்சேன். ரெண்டாவதுக்கு வுடாம நானே வந்து பாத்துக்கறேன்,” என்றாள். அரை மணி நேரத்துக்கு முன் ஒருத்தி குடுமியை ஒருத்தி பிடிக்க இருந்தவர்கள், ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, மாடு கறக்க எந்த மாசம் யார் வருவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்குத் துடைத்ததுபோல் என்றைக்கும் துடைத்ததில்லை.

கண்ணாடியைத் திரும்பப் போட்டதும் சொன்னார். “அது மருந்தில்லம்மா. வலி விடலாம், விடாமலும் போகலாம். விட்டாலும் பிரசவத்துக்கு அப்புறம் இன்னும் வேகமா வரும். மூட்டு ஒரு தடவை அரிச்சுப் போச்சுன்னா எந்த மாசமும் அதைத் திருப்பித் தராது.” பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். சேகரைக் கூப்பிட்டு, “காலையில நீங்க கறங்க. சாயங்காலம் அவங்க முடிஞ்சா கறக்கட்டும்,” என்றார். மாடு விடாதே என்று அவன் இழுத்தான். “பழக்கினா விடும்,” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, டாக்டரம்மா நினைத்த அதே முடக்குவாதம்தான் என்றார்கள். பொடிக்காரன் கலந்த அதே ஹார்மோன் மாத்திரை, அளவாகக் கொஞ்ச நாள். குழந்தைக்குப் பால் மறக்கடித்த பிறகு வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற வேறு மாத்திரை. அதைச் சாப்பிடும் காலத்தில் மாசமாகவே கூடாது, வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு ஆகாது. ஆக, ஒன்று மாத்திரை, இல்லையென்றால் மாசம். இரண்டும் சேர்ந்து கிடையாது.

நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இடைவெளி விடு, காப்பர்-டி போட்டுக்கொள் என்று எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன்! தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ரத்தம் குறையும், உடம்பு கெடும், ஓய்வே இருக்காது என்பது என் பாட்டு. தேவகியிடம் அந்தப் பாட்டு எடுபடவில்லை. தொழுவத்து ஓரம் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்:

“அத்த சொல்றாங்கன்னு நெனைக்காதீங்க நர்சம்மா. எனக்கே ஆசயாத்தான் கீது. மாசமா இருக்கச் சொல்ல, என் ஜடைய நானே பின்னிக்கினேன். கல்யாணமாயி எனக்கு நல்லா இருந்த நாளு அது மட்டுந்தான். அத வேணாம்னு சொல்லச் சொல்றீங்களே.”

 ஒரு பெண்ணுக்கு உடம்பு நன்றாக இருந்த ஒரே காலம் அது. அதைத் திரும்ப வராமல் தடுக்கத்தான் நான் பையில் சாமானை வைத்துக்கொண்டு நிற்கிறேன். கோபம் வந்தது. பச்சையம்மா மேல் என்றால் பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். யார் மேல் என்றே தெரியாத கோபம், உடம்பைச் சோர்வாக்கிவிடுகிறது. டாக்டரம்மா சொன்னதை மட்டும் திரும்பச் சொன்னேன். “விடாமலும் போகலாம். விட்டாலும் திரும்பி வரும். அப்ப ரெண்டு புள்ள, மடங்காத கை. நீதான் முடிவு பண்ணணும், நான் கட்டாயப்படுத்த மாட்டேன்,” என்றேன். அன்றைக்கு ஊருக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஓய்வு பெற இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன்.

பவானி, தேவகி இப்போது எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்பாய். அதே வீட்டில்தான் இருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. புதன்கிழமை புதன்கிழமை மாத்திரை போடுகிறாள். எப்போதாவது கை பிடித்துக்கொள்கிறது, அப்புறம் விடுகிறது. ஜடை மகள் பின்னிவிடுகிறாள். காலையில் சேகர் கறக்கிறான். மாடு மூன்றாம் நாளே பால் விட்டுவிட்டதாம். பச்சையம்மா என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை, பிறகு அவளுடைய முழங்காலுக்கு மாத்திரை வேண்டியிருந்ததால் பேசினாள். உன் ஏரியாப் பெண்ணை வீட்டில் இருக்கிற அத்தனை பேரோடும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. என்ன செய்ய முடியவில்லை என்று கேள். மாசமாக இருந்தால் வலி விடும் என்பதை வீட்டுக்காரர்களிடம் சொல்லும்போது மட்டும், அடுத்து என்ன கேட்பார்கள் என்று தயாராக இரு. எனக்குத் தெரிந்த அனுபவம் இவ்வளவுதான்.

தேவகி முடிவெடுத்தது, அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாசம் முடிந்த ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தாள். துணைக்கு யாரும் இல்லை. குழந்தையை முழங்கைகளில் தாங்கிக்கொண்டு, பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். ஊசி போட்டு, குழந்தை அழுது ஓய்ந்த பிறகும் போகாமல் நின்றாள். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தாள்.

“பால் மறக்கடிச்சிட்டேன் நர்சம்மா. வேப்பெல அரைச்சித் தடவிக்கினேன். அந்தக் காப்பர்-டி போட்டுடுங்க.”

“வீட்ல சொன்னியா?”

“அவருகிட்ட சொன்னேன். ஒன் இஷ்டம்னாரு. அத்தகிட்ட இன்னும் சொல்லல.”

பெருக்க வரும் அம்மாவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பார்க்க வேண்டியதைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, எல்லாம் சரியாக இருந்ததால் மேசையில் படுக்கச் சொன்னேன். உறை மாட்டிக்கொண்டு சாமானை எடுக்கும்போது, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இத போட்டா அந்த மாதிரி மாசம் இனிமே வராது, இல்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். அலுத்துப்போன நாளில் பொய் வாயில் சுலபமாக வரும். ஆனால் அவளிடம் வரவில்லை.

“இது இருக்கற வரைக்கும் வராதும்மா.”

“மாத்திர போட்டா அந்த அளவுக்கு நல்லாயிடுமா?”

“அந்த அளவுக்குன்னு சொல்ல முடியாது தேவகி. பாதி ஆகும். மருந்து நல்லா கேட்டா அதுக்கு மேலயும் ஆகும். பாதின்னே வச்சுக்க.”

 வெளியே குழந்தை மறுபடியும் சிணுங்க ஆரம்பித்தது. அவள் தலையைத் திருப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். வீங்கிய இரண்டு கையையும் வயிற்றின்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

“பாதி போதும் நர்சம்மா. போடுங்க.”